கச்சான்காரனுக்காகப் பூசை நேரம் மாறுமா? கல்லடியில் ஒரு ரசிகர் நாளின் கணக்கு

என்னிடம் 13 கறுப்பு டீசேர்ட்கள் இருக்கின்றன. பதின்மூன்றும் எக்ஸ்எல் அளவு. 2024 மே மாதத்திலிருந்து அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. பன்னிரண்டுக்கு அச்சுக்கடையின் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. ஒன்றின் நெஞ்சில் மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஓட்டை. அதைப் பிறகு சொல்கிறேன். மற்றவற்றின் நெஞ்சில் ஒளிவாள் பிடித்த ஒரு பாடுமீன், எங்கள் மட்டக்களப்பின் அடையாளம். முதுகில் ‘மே 4, மட்டக்களப்பு’ என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு போன் கடையின் பெயர். கடையின் பெயர் மீனைவிடப் பெரிது.

ஸ்டார் வோர்ஸ் படங்களைப் பிடித்துப்போன ஏழு பேர் மட்டக்களப்பின் கல்லடியில் தொடங்கிய சின்ன நாள் அது. ஏழு வருடத்துக்குள் எப்படி ஊதிப் பெருத்து எங்கே முறிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்குக்கொப்பி என்னிடம்தான் இருந்தது. வட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளும் அழியாமல் இருக்கின்றன. அவற்றோடு வந்தவர்கள், வராமல் விட்டவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று பதினொரு பேரிடம் இருந்து கதைத்தேன். ஆட்களின் பெயரையோ கடையின் பெயரையோ எழுதப்போவதில்லை. ஊர் சின்னது. நான் நடுவன் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அனுசரணைக்கு முதலில் தலையாட்டியவன் நான்தான்.

சிலேடையில் பிறந்த திகதி

மே 4 ஏன் என்று எங்கள் ஊரில் விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். அந்தப் படங்களில் வாழ்த்தும்போது ‘மே த ஃபோர்ஸ் பி வித் யூ’ என்பார்கள். சக்தி உன்னோடு இருக்கட்டும் என்று பொருள். ஆங்கிலத்தில் நாலாம் திகதி ‘ஃபோர்த்’. ஃபோர்ஸ் இருந்த இடத்தில் ஃபோர்த்தைப் போட்டால் மே நாலாம் திகதி உன்னோடு இருக்கட்டும் என்றாகிவிடும். அவ்வளவுதான் விசயம். தமிழுக்குக் கொண்டுவந்தவுடன் சிலேடை செத்துப்போகிறது. அம்மாவுக்கு மூன்று தரம் விளங்கப்படுத்தினேன். “இதுக்குத்தானா வெள்ளப் பெட்சீட்டக் கேட்டாய்?” என்றார்.

முதல் படம் வெளியானது 1977 மே 25. சிலேடை அச்சில் வந்ததற்குப் பழைய தடயமாகக் காட்டப்படுவது 1979 மே 4 அன்று லண்டன் ஈவினிங் நியூஸ் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரம். மார்கரெட் தட்சர் பிரித்தானியப் பிரதமரான நாள் அது. அவரை வாழ்த்தி இந்தச் சொல்விளையாட்டை வைத்து விளம்பரம் போட்டார்கள். ‘ரசிகர்கள் உண்டாக்கிய தூய நாளைக் கம்பனிக்காரர் கெடுத்துவிட்டார்கள்’ என்று பெருமூச்சு விடும் எங்கள் குழு நண்பருக்கு இதை ஒருமுறை அனுப்பினேன். அச்சேறியதே விளம்பரமாகத்தான், அதுவும் கட்சி விளம்பரமாக. அவர் அன்றைக்குப் பதில் போடவில்லை.

2007இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர சபை மே 25ஐத்தான் ஸ்டார் வோர்ஸ் நாளாக அறிவித்தது. ஆனாலும் நிலைத்தது சிலேடை இருந்த திகதி. 2011இல் கனடாவின் டொரொன்டோவில் ஒரு திரையரங்கில் ரசிகர்கள் கூடி வேடப்போட்டியும் வினாடிவினாவுமாக மே 4ஐக் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் ஒக்டோபரில் டிஸ்னி நிறுவனம் லூகாஸ்ஃபில்மை ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2013இலிருந்து அந்த நாள் டிஸ்னியின் நாட்காட்டியிலும் ஏறியது. இப்போது மே 4 என்றால் விலைக்கழிவு, புதுப் பொம்மைப் பெட்டி, புது லெகோ. ரசிகர் வாய்வழியாகக் காப்பாற்றிய பகிடி ஒன்று விற்பனைத் திகதியாக மாற இரண்டே வருடம் போதுமாக இருந்தது.

கிடுகுக் கொட்டில்

எங்களுடைய முதல் மே 4, 2018. வெள்ளிக்கிழமை. கல்லடியில் ஒரு கணித ரியூசன் கொட்டில், கிடுகுக் கூரை. சேரும் எங்களில் ஒருவர் என்பதால் இடமும் புரொஜெக்டரும் சும்மா கிடைத்தன. பகலில் படம் போடவேண்டும் என்பதால் உரப்பைகளைப் பிரித்துத் தைத்துச் சன்னலுக்குக் கட்டினோம். அப்படியும் கிடுகு ஓட்டைகளால் வெயில் புள்ளிபுள்ளியாக விழுந்தது. விண்வெளிப் படத்துக்கு அது பொருத்தம் என்று சேர் சமாளித்தார்.

நேரம் பின்னேரம் மூன்று மணி. இந்த நேரத்தை வாசிப்பவர் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். சாய்ந்தமருதிலிருந்து வரும் நண்பன் ஜும்ஆ முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் பொழுதுபடுவதற்குள் திரும்பவேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு வாவியைக் கடக்க ஓடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லைதான். ஆனால் பாலம் இருந்தால் மட்டும் போதுமா, அதன் மேலால் போக இரவில் பஸ் இருக்கவேண்டாமா? படம் 121 நிமிடம். மூன்றுக்குத் தொடங்கினால் ஐந்து தாண்ட முடியும். கச்சான் தின்று கதைத்துவிட்டு ஆறரைக்குள் எல்லோரும் வீட்டில். அந்த இரண்டு பக்கத்தாருடைய பயணத்தை வைத்துத்தான் மூன்று மணி என்று முடிவானது. அப்போது அதை யாரும் ஒரு கொள்கை என்று நினைக்கவில்லை.

வந்தது 23 பேர். ஏழு பேரும் தலைக்கு 200 போட்டு 1,400 ரூபாய். கச்சான், பிளேன்டீ, டோர்ச் பற்றரி, நூல். மிச்சம் 130 ரூபாய் என்று கொப்பியில் கிடக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து அண்ணனோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று எஸ்லோன் பைப்பில் வெசாக் கூட்டுக்கு ஒட்டும் நீலத் திசுத்தாளைச் சுற்றி, உள்ளே டோர்ச்சை வைத்து ஒளிவாள் செய்துகொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் படத்தைவிட அந்தப் பைப்தான் பெரிய விசயம். இரண்டாவது பாதியில் பாதிப்பேர் வெளியே நின்று வாள் வீசினார்கள்.

நடக்காத வருடங்கள்

2019இல் நடக்கவில்லை. ஏப்ரல் 21 காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதிலும் வெடித்தது. அந்த மே மாதம் எங்கள் நண்பன் பஸ் ஏறிக் கல்லடிக்கு வருவதைப் பற்றி யாரும் குழுவில் வாய் திறக்கவில்லை. அவனும் எழுதவில்லை. மே 4 காலையில் அவன் ஒரு நீல நிற இதயத்தை மட்டும் அனுப்பியிருந்தான். நாங்கள் ஆளுக்கொன்று திருப்பி அனுப்பினோம்.

2020 ஊரடங்கு. அந்த வருடம்தான் குழுவுக்குள் வணிகம் பற்றிய முதல் சண்டை வந்தது. ஏப்ரல் கடைசியில் டிஸ்னியின் ஒளிபரப்புச் சேவை ருவிட்டரில் ரசிகர்களைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த ஸ்டார் வோர்ஸ் நினைவை மே 4க்கான ஹேஷ்டேக்கோடு எழுதுங்கள் என்று கேட்டது. கூடவே, அப்படி எழுதினால் உங்கள் செய்தியையும் கணக்குப் பெயரையும் நாங்கள் பயன்படுத்துவதற்கும் எங்கள் நிபந்தனைகளுக்கும் நீங்கள் சம்மதித்ததாக ஆகும் என்று ஒரு வால். ரசிகர்கள் வருடக்கணக்காகப் பாவித்த சொல்லை வேலிபோட்டு அடைக்கிறார்களா என்று உலகமெங்கும் திட்டு விழுந்தது. தங்கள் கணக்கைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அது என்று நிறுவனம் இறங்கிவந்தது.

எங்கள் குழுவில் வங்கியில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், “எங்கட ஒழுங்கைக்குள்ள கிடந்த நாய்க்குட்டிக்கு ஒருத்தன் வந்து கழுத்துப்பட்டி போட்ட மாதிரி” என்று எழுதினார். எனக்கு அந்த உவமை பிடித்திருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு அதே அண்ணன்தான் முதுகில் கடைப்பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன என்று கேட்டவர். குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் மாறினோம். வெளிநாட்டுக் கம்பனி செய்தால் வேலி, உள்ளூர்க் கடை செய்தால் உதவி.

2021 கொரோனாக் கட்டுப்பாடு, 2022 மின்வெட்டும் எரிபொருள் வரிசையும். பால்மாப் பெட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டிய காலத்தில் நடிகர் கட்அவுட்டுக்குப் பாலூற்றும் காணொளியை யாராவது குழுவில் போட்டால் அவருக்கு நல்ல பூசை நடந்தது.

அனுசரணை

2023இல் திரும்பத் தொடங்கும்போது சேர் கொட்டிலைக் கைவிட்டிருந்தார். பிள்ளைகள் ஒன்லைனுக்குப் போய்விட்டார்கள். கடற்கரையில் போடலாம் என்றால் திரை, ஒலி, மின் பிறப்பாக்கி எல்லாம் வாடகை. விலைவாசியில் தலைக்கு 200 என்ற கதை செல்லாது. நகரில் போன் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். அவர் 40,000 ரூபாய் தரச் சம்மதித்தார். அவர் கேட்டது மூன்று. திரைக்குப் பக்கத்தில் ஒரு பெனர், பத்து நிமிடம் பேச இடம், நிகழ்ச்சி ஏழு மணிக்குப் பிறகு. கடை ஏழுக்குத்தான் பூட்டுவது, அவரும் வரவேண்டுமே. திறந்த வெளியில் இருட்டினால்தான் திரையே தெரியும் என்பதால் எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அதில் பொய்யில்லை. ஆனால் மூன்று மணி எதற்காக வைத்தோம் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் வரவேயில்லை. குழுச் செய்திகளை இப்போது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு வரிகூட இல்லை.

அன்று வியாழக்கிழமை. அடுத்த நாள் வெசாக் விடுமுறை என்பதால் சனம் வந்தது. ஏறத்தாழ 110 பேர். எல்லோருக்கும் சந்தோசம். படுவான்கரையிலிருந்து வந்த ஒன்பது பேரும் வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து போனார்கள். செலவு அவர்களுடையது.

2024க்கு அதே கடைக்காரர் 75,000 தந்தார். இந்த முறை டீசேர்ட் யோசனை. அது அவருடையதில்லை, எங்களுடையது. கணக்கை அப்படியே தருகிறேன். 60 டீசேர்ட், ஒன்றுக்கு 1,150 வீதம் 69,000. ஒலி, ஒளி, திரை 46,000. மூன்று பெனர் 13,500. சிற்றுண்டி 12,400. போக்குவரத்தும் சில்லறையும் 4,800. மொத்தச் செலவு 145,700 ரூபாய். வரவு, அனுசரணை 75,000. டீசேர்ட் 1,600 வீதம் 47 விற்று 75,200. கையில் மிஞ்சியது 4,500 ரூபாயும் விற்காத 13 டீசேர்ட்டும்.

வணிகமாகிவிட்டது என்று திட்டியவர்களில் பாதிப்பேர் நாங்கள் நல்லாய் உழைத்துவிட்டோம் என்று நினைத்தார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் எங்கள் கையால் ஓடி நாலாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. 2018இல் 130 ரூபாய் மிஞ்சியபோது இருந்த நிம்மதி இதில் இல்லை. ஒரு நாள் வணிகமாவதற்கு அதில் யாரும் இலாபம் பார்க்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பது எனக்கு இந்தக் கொப்பி படிப்பித்தது. டீசேர்ட் அடித்த காசை எடுக்க டீசேர்ட் விற்கவேண்டும், விற்கக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு பெனர் வேண்டும், பெனருக்கு அனுசரணை வேண்டும். செக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. எண்ணெய் மட்டும் வரவில்லை.

அன்றிரவு

2024 மே 4 சனிக்கிழமை. மே 6இல் சாதாரண தரப் பரீட்சை தொடங்கவிருந்தது. ரசிகர்களில் முக்கால்வாசி அந்த வயதுதான் என்பதைத் திகதியைப் பார்த்த எவரும் யோசித்திருக்கவேண்டும். திகதியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சிலேடை தேர்ந்தெடுத்தது என்பது ஒரு சாட்டு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து, “மகன், என்ர புள்ளைக்கு நாளைக்கழிச்சு சோதின” என்று சொன்னபோது வாய் அடைத்துப்போனது. சத்தத்தைக் குறைத்தோம். கடைக்காரர் பேசும்போது திரும்பக் கூட்டினோம்.

ஏழரை என்று போட்டிருந்தோம். அவர் வந்தது எட்டுப் பத்துக்கு. பேச்சு, அதிர்ஷ்டச் சீட்டு, ஒரு போன் உறையும் இரண்டு இயர்போனும் பரிசு. மறுகா படப்பிடிப்பு. கமரா பிடித்த தம்பி எங்கள் குழுப் பெடியன்தான். டீசேர்ட் போட்டவர்கள் ஒரே நிறமாக முன்னால் நின்றால் படம் வடிவாக வரும் என்று அவன் கண் சொல்லியிருக்கும்.

“சேட் போட்டாக்கள் முன்னுக்கு வாங்க. மத்த ஆக்கள் பின்னுக்கு, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.”

பின்னுக்குப் போனவர்களில் ஒருத்தி, 2018இல் எஸ்லோன் பைப் வாளோடு வந்த பிள்ளை. இப்போது வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிறாள். டீசேர்ட்டில் இருந்த அந்தப் பாடுமீனை வரைந்தவளும் அவள்தான். 1,600 ரூபாய் கொடுத்து வாங்க அவளுக்கு வழியில்லை. வரைந்தவளுக்கு ஒன்றைச் சும்மா கொடுக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். கொப்பியை வைத்திருந்த எனக்கே தோன்றவில்லை. அறுபதையும் விற்கவேண்டும் என்ற ஒரே எண்ணம். பக்கத்தில் பெட்டிக்குள் பதின்மூன்று கிடந்தன.

அவளும் அவளோடு வந்த இன்னொரு பிள்ளையும் படம் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். அந்த வருடம் படுவான்கரையிலிருந்து வந்தது அந்த இரண்டு பேர் மட்டும்தான். படம் ஒன்பது மணிக்குத் தொடங்கியபோது பிளாஸ்ரிக் கதிரைகளில் பாதி காலி.

அவளிடம் இந்த எழுத்துக்காகப் பேசியபோது பெரிய கோபம் எதுவும் இல்லை. “அண்ணா, காசு கேட்டது பிழையில்ல. முதல் வருசமும் நீங்க 200 போட்டனீங்கதானே. ஆனா அண்டைக்கு நான் ஆருக்கோ கலியாண வீட்டுக்குப் போன மாதிரி இருந்திச்சு” என்றாள்.

மாமாவின் கச்சான்காரன்

என் தாய்மாமன் எங்கள் ஊர்க் கோயிலில் பல வருடம் வண்ணக்கராக, அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவராக, இருந்தவர். இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஸ்டார் வோர்ஸ் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் திருவிழா நடத்தத் தெரியும்.

“மருமகன், திருவிழாவுக்குக் கச்சான்காரன் வாறான், வளையல்காரன் வாறான், ஐஸ்கிறீம் வாறான். வரட்டும். வந்தாத்தான் திருவிழா. ஆனா கச்சான்காரனுக்காகப் பூசை நேரத்த மாத்திறல்லையே.”

இதை விட நன்றாக இந்த விசயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அமிர்தகழி மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகிறவர் யாரும், கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திருவிழா வணிகமாகிவிட்டது என்று திரும்பி வருவதில்லை. கையில் சல்லிக்காசு இல்லாதவரும் தீர்த்தத்தில் முங்கலாம். கச்சான் வாங்காததற்காக அவரை யாரும் பின்னுக்கு நிற்கச் சொல்வதில்லை. நாங்கள் 2023இல் விட்ட பிழை, கடையிடம் காசு வாங்கியதில்லை. கடை பூட்டும் நேரத்தை எங்கள் பூசை நேரமாக்கியது. ஒன்பது பேருடைய பஸ்ஸை விற்று 40,000 வாங்கினோம் என்றுகூடச் சொல்லலாம். அப்போது அது விற்பனை மாதிரித் தெரியவில்லை.

ஆனால் மாமாவின் வாக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கக் கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிக் குலத்துக்கும், ஒரு திருவிழா. உபயகாரர் செலவைத் தூக்குகிறார். அவர் பெயர் நோட்டீசில் வருகிறது, ஒலிபெருக்கியில் முழங்குகிறது. காளாஞ்சி என்ற கோயில் மரியாதை முதலில் யாருக்கு என்று கிளம்பிய சண்டைகள் எத்தனை! மாமாவே ஒருமுறை அதற்காக மூன்று மாதம் கோயில் வாசல் மிதிக்கவில்லை. முன்னுக்கு, பின்னுக்கு என்ற பேச்சைப் போன் கடை எங்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை. அது இங்கேயே விளைந்தது. 1,600 ரூபாய் இருக்கிற யாரும் முன்னுக்கு நிற்கலாம் என்பது, குடியைப் பார்த்து நிறுத்துவதைவிட ஒரு வகையில் திறந்த கதவு என்று சாய்ந்தமருது நண்பன் வாதாடினான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அதற்கு முழுப் பதில் இல்லை. அந்தப் பிள்ளையை நிறுத்திய இடம் மட்டும் பிழை என்பது எனக்குத் தெரியும்.

தமிழ் நடிகர்களின் ரசிகர் மன்றங்களோடும் பலர் ஒப்பிட்டார்கள். ஒப்பிடலாம், ஆனால் கொஞ்சம்தான். அஜித் 2011இல் தன் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மன்றங்களைக் கலைத்தார். மே 1 கொண்டாட்டம் நின்றதா? இல்லை. அங்கே கொண்டாடப்படுகிற ஆள் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் நாள் ரசிகர் கையில் இருக்கிறது. எங்கள் நாளுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. கம்பனி இருக்கிறது, அதற்குக் கல்லடி என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தைப் பொது இடத்தில் போடுவதற்கும், பிறருடைய வணிகக் குறியை டீசேர்ட்டில் அடித்து விற்பதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். நல்லவேளை மீன் எங்களுடையது, ஆனால் வாள்? கம்பனி எங்கள் நாளைப் பறித்துவிட்டது என்று புலம்பிய நாங்கள், கம்பனியின் பொருளைக் கேட்காமல் எடுத்து, அதன்மேல் இன்னொரு கடையின் பெயரை அடித்து விற்றிருக்கிறோம். இந்தப் பந்தியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

கடைக்காரரிடமும் போய்க் கதைத்தேன். அவர் தேநீர் தந்து வெளிப்படையாகப் பேசினார். “தம்பி, நான் காசு தந்தது கடைப் பேரக் காட்டத்தான். அத நான் ஒளிக்கல்ல. ஏழு மணி கேட்டேன், உண்மை. ஆனா போட்டோவுல ஆர் முன்னுக்கு நிக்கணும் எண்டு நான் கேட்டேனா? முதுகுல பேரப் பெரிசாக்கச் சொன்னேனா?” கேட்கவில்லை. செய்திகளைத் தேடிப் பார்த்தேன். அவர் கேட்டது மூன்று, நாங்கள் கொடுத்தது ஏழெட்டு. கேட்காததையெல்லாம் முந்திக்கொண்டு கொடுத்தோம், அடுத்த வருடம் தொகை கூடும் என்ற நப்பாசையில்.

மே 25

2025இல் இரண்டாக உடைந்தோம். மே 6 உள்ளூராட்சித் தேர்தல். மே 4 ஞாயிறு, பிரசாரம் முடிந்த அமைதிக்காலம். பெனர் கட்டிக் கூட்டம் சேர்த்து ஒலிபெருக்கியில் பேச ஏற்ற நாளில்லை. பெனர் இல்லை என்றவுடன் அனுசரணையும் இல்லை. அதில் கடைக்காரருக்கு வருத்தமோ எங்களுக்குக் கோபமோ இல்லை. வங்கி அண்ணனும் சிலரும் ஒரு உணவகத்தின் மேல்மாடியில் ரிக்கற் போட்டு நடத்தினார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. குளிரூட்டி, நல்ல திரை, பிள்ளைகளுக்கு முகத்தில் வர்ணம். காசு கொடுத்தவர்களுக்கு அதற்குரியது கிடைத்தது. யாரும் அதை ‘எல்லோருடைய நாள்’ என்று சொல்லவில்லை என்பதால் எனக்கு அதில் குறையில்லை. விற்கிறோம் என்று சொல்லி விற்பதில் ஒரு நேர்மை உண்டு.

மிச்சப்பேர் மே 25க்கு மாறினோம். படம் உண்மையில் வெளியான திகதி. சிலேடை இல்லாததால் அந்த நாளில் விலைக்கழிவும் இல்லை. அதே திகதியில் இன்னொரு ரசிகர் நாளும் இருக்கிறது. டக்ளஸ் அடம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 2001 மே 11 அன்று 49 வயதில் இறந்தார். இரண்டு வாரம் கழித்து மே 25 அன்று வாசகர்கள் தோளில் துவாய் போட்டுக்கொண்டு திரிந்து அவரை நினைத்தார்கள். விண்வெளியில் ஊர்சுற்றுகிறவனுக்கு எல்லாவற்றையும் விட உதவுவது துவாய் என்று அவர் பகிடியாக எழுதியதுதான் காரணம். இன்றைக்கும் வருடாவருடம் நடக்கிறது. துவாயும் விற்கலாம்தான், படம் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எவர் வீட்டுக் கொடியிலும் ஏற்கெனவே ஒன்று தொங்கும்போது, உன்னிடம் இல்லை, பின்னுக்குப் போ என்று யாரிடம் சொல்வது?

ஆகவே 2025 மே 25, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. ஒருவருடைய வீட்டு விறாந்தை. கொண்டுவரவேண்டியது ஒரு துவாய், உட்கார. தலைக்கு 300 ரூபாய் உண்டியலில், முடிந்தவர் போடட்டும். 31 பேர் வந்தார்கள். படுவான்கரையிலிருந்து எட்டு. கணக்கை முடிவில் எல்லோருக்கும் முன்னால் வாசித்தேன். கோயிலில் வாசிப்பதுபோல. ஆரும் கவனித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கச்சான் தோல் உடைக்கும் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. குறையும் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி சின்னது, பின்னால் இருந்தவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை. 2024இன் திரையை நினைத்து ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்கு அந்தப் பதின்மூன்று டீசேர்ட்டையும் கொண்டுபோயிருந்தேன். வரைந்தவளிடம் ஒன்றை நீட்டினேன். ஒரு வருடம் பிந்திய மரியாதை. விரித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

“எக்ஸ்எல்லா? எனக்கு இதுக்குள்ள ரெண்டு பேர் போகலாம்.” கொஞ்சம் யோசித்தாள். “அண்ணா, கத்தரிக்கோல் இருக்கா? மீன மட்டும் வெட்டித் தாங்க, பையில தைக்க.”

வீட்டுக்கார அக்காவிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டிக் கொடுத்தேன். மீதித் துணியை என்னிடமே தந்துவிட்டாள். கொப்பியில் இருப்பு இன்னும் 13 என்றுதான் கிடக்கிறது.